மெட்டி கழலாத கால்

போன பிப்ரவரியில் ஒரு ராத்திரி குளியலறைத் தரையில் உட்கார்ந்து கால் மெட்டியில் சோப்பைத் தடவி இழுத்துக்கொண்டிருந்தேன். வரவே இல்லை. காலையில் விரலில் லொடலொடவென்று சுற்றிக்கொண்டிருந்த அதே மெட்டிதான். கொலுசைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றிக் கயிறு கட்டி அவிழ்த்த மாதிரி தடம். பெருவிரலால் அழுத்தினேன், குழி விழுந்தது, பத்து எண்ணுகிற வரைக்கும் மேலே வரவில்லை.

இங்கே ரெயூனியனில், இந்தியப் பெருங்கடலில் இருக்கிற இந்தப் பிரெஞ்சுத் தீவில், பிப்ரவரி என்றால் நம்ம ஊர்ச் சித்திரை வெயில், கூடவே புயல் காலத்துப் புழுக்கமும். சேந்தாந்த்ரே என்கிற ஊரில் ஒரு ரொட்டிக்கடையில் பதினோரு வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன், விடியற்காலை ஐந்தரையிலிருந்து மதியம் ஒன்றரை வரை. உட்கார இடம் இல்லை, அதனால் நிற்கிறேன். வேலை செய்யும்போது நடக்கிறோம் என்று நினைப்போம், நான் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், அடுப்புப் பக்கம் நாலு அடி, கல்லாப்பெட்டிப் பக்கம் மூணு அடி, அவ்வளவுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ஒரு நோய்ப்பெயர் மாதிரியே வைத்திருக்கிறார்கள், ழாம்ப் லூர்த், கனத்த கால். எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் இதற்கென்று தனியாக அலமாரி இருக்கிறது. குளிர்ச்சி ஜெல், சிவப்புத் திராட்சை இலைத் தேநீர், மாத்திரை என்று என்னென்னவோ. அந்த மாத்திரைகளில் பலன் போதவில்லை என்று 2008 ஜனவரியிலிருந்து அரசுக் காப்பீடு அவற்றுக்குக் காசு தருவதையே நிறுத்திவிட்டது. ஆனாலும் விற்பனை நிற்கவில்லை. நானும் வாங்கியவள்தான், சிரிக்காதீர்கள். மாமியார் தன் பங்குக்குத் தோட்டத்து அயாபானா இலையைக் கொதிக்க வைத்துத் தந்தார். வயிற்றுக்கு சுகமாக இருந்தது, கால் அப்படியேதான் இருந்தது.

அப்புறம் ஒரு அழகு நிலையத்தில் 'நிணநீர் வடிகால்' என்று பத்து முறை மசாஜுக்கு மொத்தமாகப் பணம் கட்டினேன். எவ்வளவு என்று வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது, அவர் இந்தப் பதிவைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். உடம்பில் நச்சு தேங்கியிருக்கிறது, அதை வெளியே தள்ளுகிறோம் என்றார்கள். முதல் நாள் கால் பஞ்சு மாதிரி இருந்தது, உண்மையை மறைக்கக்கூடாது. மறுநாள் வேலை முடிந்து வந்தால் பழைய குருடி கதவைத் திறடி.

அந்த எரிச்சலில்தான் இந்த நிணநீர் என்றால் என்ன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நமக்கு அது புதிதே இல்லை. சின்ன வயதில் காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் 'நெறி கட்டியிருக்கு' என்பார் பாட்டி. இங்கே தைப்பூசக் காவடியில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து கண்ணாடிச் சில்லு ஏறினவர்களுக்கும் அப்படிக் கட்டும். புண் பாதத்தில், கட்டி இடுக்கில், இரண்டுக்கும் நடுவில் என்ன ஓடுகிறது? அதுதான் நிணநீர். இரத்தக் குழாய்களின் மெல்லிய சுவர் வழியாக நீர் கசிந்து சதைக்குள் போய்க்கொண்டே இருக்கிறது, நாளொன்றுக்கு லிட்டர் கணக்கில். அந்த நீரை அள்ளி, நெறி கட்டுகிற அந்த முடிச்சுகள் வழியாக வடிகட்டி, கடைசியில் இடது காறை எலும்புக்குப் பின்னால் மறுபடி இரத்தத்தில் கொண்டுபோய் விடுகிற குழாய் வலைதான் இது. கசிவது அதிகமாகி அள்ளுவது பின்தங்கினால் கால் வீங்குகிறது. நச்சு தேங்குகிற கதையெல்லாம் இல்லை, தேங்குவது வெறும் நீர்.

'நிணநீருக்கு இதயம் மாதிரி பம்ப் கிடையாது, அதனால் நாங்கள்தான் தள்ளவேண்டும்' என்று அந்த நிலையத்துப் பெண் சொன்னாள். பாதிதான் சரி. அந்தக் குழாய்களின் சுவரிலேயே தசை இருக்கிறது, தானாகச் சுருங்கிச் சுருங்கி நீரை மேலே ஏற்றுகிறது, திரும்பி வராமல் தடுக்க வால்வும் உண்டு. அதற்கு மேல் கெண்டைச்சதை ஒவ்வொரு அடிக்கும் பிழிகிறது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உறிஞ்சுகிறது. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் பக்கத்துச் சிரையில், அதாவது இதயத்துக்கு இரத்தம் திரும்புகிற நாளத்தில், அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏறுகிறது, நடக்க ஆரம்பித்தால் முப்பதுக்குப் பக்கமாக இறங்கிவிடுகிறது. இதைப் படித்தபோது கொஞ்சம் கோபமே வந்தது. பத்து முறை மசாஜ் செய்யாததை இரண்டு தெரு நடை செய்கிறதே.

அந்த மசாஜ் மோசடி என்று நான் சொல்லவில்லை. எமில் வோட்டர் என்ற டென்மார்க்காரர் 1930களில் பிரான்சின் கான் நகரத்தில் இருந்தபோது உருவாக்கி, 1936இல் பாரீசில் அறிமுகப்படுத்திய முறை அது. மார்புப் புற்றுக்கு அறுவை செய்து அக்குள் முடிச்சுகளை எடுத்துவிட்டவர்களுக்குக் கை வீங்கும்போது, பயிற்சி பெற்ற கினே, அதாவது இயன்முறை மருத்துவர், கட்டு போட்டு, பயிற்சி சொல்லிக் கொடுத்து, கூடவே இதையும் செய்வார். அது மருத்துவம். குழாய்கள் நன்றாக வேலை செய்கிற என்னைப் போன்றவளுக்கு அது ஒரு சாயங்கால சுகம், அவ்வளவுதான். காலையில் முகம் உப்பியிருக்கிறது என்று கல்லை வைத்துத் தேய்க்கிற வீடியோக்களும் அப்படியே. ராத்திரி ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுத்தால் முகம் உப்பத்தான் செய்யும், எழுந்து நடமாடினால் கொஞ்ச நேரத்தில் தானாக வடிந்துவிடும், பேரை மட்டும் கல் வாங்கிக்கொள்ளும்.

சரி, எனக்கு எது உதவியது? முதலில் காலை இறுக்கிப் பிடிக்கிற மருத்துவக் காலுறை. மருத்துவர் இரண்டாம் வகுப்பு எழுதிக் கொடுத்தார், பிரெஞ்சுக் கணக்கில் 15 முதல் 20 மில்லிமீட்டர் அழுத்தம். சீட்டு இருந்தால் காப்பீட்டில் பணத்தில் ஒரு பங்கு திரும்பும். இந்த வெக்கையில் அதைப் போடுவது தண்டனைதான், முதல் வாரம் அழுகை வந்தது. காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், வீங்கின பிறகு போட்டால் ஏறவும் ஏறாது, பலனும் குறைவு. சர்க்கரைக்காரர்கள், பாதத்தில் இரத்த ஓட்டம் குறைந்தவர்கள் கேட்காமல் போடக்கூடாது, அது ஆபத்து. சர்க்கரை இந்தத் தீவில் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது கடல். இதைத்தான் நான் எல்லோரிடமும் பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மேற்குக் கரைக்கு வண்டி கட்டி (எங்கள் கிழக்குக் கரையில் அலைதான், இறங்கமுடியாது) லெர்மித்தாஜ் பக்கம் பவளப்பாறைக்கு உள்ளே இருக்கிற அமைதியான நீரில் இடுப்பளவில் அரை மணி நேரம் நடக்கிறேன். ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் கணுக்காலை 73 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் பிடிக்கிறது, மேலே வர வரக் குறைகிறது. என் விலை உயர்ந்த காலுறை கொடுப்பதோ இருபதுதான். தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் சிறுநீர் அவசரமாக முட்டும், வெட்கப்பட வேண்டாம், காலில் இருந்த நீர்தான் இறங்குகிறது. ரப்பர் செருப்பு அவசியம், பவளம் கீறினால் அந்தப் புண்ணே தொல்லை.

மற்றபடி சின்னச் சின்ன வேலைகள். வாடிக்கையாளர் சில்லறை எண்ணும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறேன், கவுண்டருக்குப் பின்னால் யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் சுவரில் காலைச் சாய்த்துக் கால் மணி நேரம். உப்பு: உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது, ஒரு தட்டு ருகாய் சோசிஸும் (இந்த ஊர் தக்காளி சாசேஜ் குழம்பு) அச்சாரும் சாப்பிட்ட பிறகு அந்தக் கணக்கை யாரும் என்னிடம் பேசாதீர்கள். நிறுத்தவில்லை, வாரத்துக்கு ஒரு தடவை என்று ஆக்கிக்கொண்டேன்.

என் நாத்தனாருக்கு இதெல்லாம் செய்தும் கால் வற்றவில்லை. கடைசியில் பார்த்தால் இரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிடுகிற அம்லோடிபின். அந்த மாத்திரைக்குக் கணுக்கால் வீக்கம் தெரிந்த பக்கவிளைவு. மருத்துவர் மாற்றிக் கொடுத்தார், இறங்கிவிட்டது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தாள் என்று நீர் பிரியும் மாத்திரையைப் போடுவதும் வேண்டாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம், மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ சுவரில் கால் வைத்துப் படுக்காமல் உடனே இங்கத்து அவசர மருத்துவ எண் 15க்குப் போன் அடியுங்கள். சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பிணிக்கு முகமும் கையும் வீங்கித் தலைவலியும் சேர்ந்தால் அன்றே போகவேண்டும். ஊரில் இருக்கிறவர்களுக்கு ஒன்று: வருடக்கணக்கில் வடியாத வீக்கம் யானைக்காலாகவும் இருக்கலாம். கொசு வழியாக வருகிற புழு நிணநீர்க் குழாயையே கெடுத்துவிடுகிற நோய் அது, சுகாதாரத் துறை மாத்திரை கொண்டுவந்தால் வாங்கி விழுங்குங்கள்.

இப்போது என் உண்மையான வயிற்றெரிச்சல். இவ்வளவும் நான் என் காசில், என் ஞாயிற்றுக்கிழமையில், என் கவுண்டருக்குப் பின்னால் ஒளிந்து செய்கிறேன். ஆனால் வீக்கத்தைக் கொடுப்பது எது? எட்டு மணி நேர நிற்பு. கடைப் பெண்கள் எத்தனை பேரோ அத்தனை இருக்கை போடவேண்டும் என்று பிரான்சில் 1900 டிசம்பர் 29ஆம் தேதியே சட்டம் வந்தது. இன்றைய தொழில் சட்டத்திலும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வேலையிடத்தில் அல்லது அதற்குப் பக்கத்தில் தகுந்த இருக்கை என்று இருக்கிறது. அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு போய் முதலாளியிடம் காட்டினேன். 'உட்கார்ந்திருந்தால் வாங்க வருபவர்கள் உங்களைச் சோம்பேறிகள் என்று நினைப்பார்கள், மதாம்' என்றார். ரொட்டி வாங்க வருகிறவர் என் முழங்காலைப் பார்த்தா வாங்குகிறார்? நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கால் வீங்கும், அது எனக்கும் தெரியும். நான் கேட்பது சிம்மாசனம் இல்லை, கூட்டம் இல்லாத நேரத்தில் ஐந்து நிமிடம் சாய ஒரு உயரமான முக்காலி. மசாஜ் நிலையத்துக்குக் கொடுத்த பணத்தில் அப்படி நாலு வாங்கியிருக்கலாம்.

மூன்று மாதம் போராடி, கூட வேலை செய்கிற பெண்ணும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, ஒன்று வந்தது. இரண்டு பேருக்கு ஒன்று. பரவாயில்லை, மெட்டி இப்போது ராத்திரியும் சுற்றுகிறது.

கடலூரில் துணிக்கடையில் நிற்கிற என் தங்கச்சிக்கு இதைச் சொன்னேன். அங்கேயும் சட்டம் இருக்கிறது, கேரளத்தில் கடைப் பெண்கள் கேட்டுக் கேட்டு 2018இல் வந்தது, 2021இல் தமிழ்நாட்டிலும் கொண்டுவந்தார்கள். உங்கள் கடையில் போட்டார்களா என்று கேட்டேன்.

"போட்டிருக்காங்க அக்கா. அதுமேல புடவைப் பெட்டி அடுக்கி வச்சிருக்கு."