இன்னொரு மோனாலிசா வேண்டுமென்றால் மாட்ரிட்டுக்குப் போங்கள்

"மோனாலிசாவின் முதல் ஓவியம் இதுதான்" என்று ஐசில்வர்த் மோனாலிசா பற்றிய செய்தி மறுபடியும் சுற்றுகிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை இது வந்துவிடும். பகிர்கிறவர்களின் ஆர்வம் எனக்குப் புரிகிறது, அந்த ஆர்வம் எனக்கும் உண்டு. ஆனாலும் என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். அந்தப் படத்தை லியனார்டோ வரைந்தார் என்று நான் நம்பவில்லை. அதற்குக் கிடைக்கிற விளம்பரத்தில் கால்வாசிகூட மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் மோனாலிசாவுக்குக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

முதலில் ஐசில்வர்த் படம். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு ஹ்யூ பிளேக்கர் என்ற ஆங்கிலேய ஓவியச் சேகரிப்பாளர் இதை வாங்கி, லண்டனின் மேற்கே ஐசில்வர்த்தில் இருந்த தன் கூடத்தில் வைத்திருந்தார். பெயர் வந்தது அப்படித்தான். 1962இல் ஹென்றி புலிட்சர் என்பவரிடம் கைமாறி, பிறகு பல காலம் ஸ்விட்சர்லாந்தில் ஒரு வங்கிப் பெட்டகத்துக்குள் கிடந்தது. 2012 செப்டம்பரில் ஜெனிவாவில் உலகத்துக்குக் காட்டினார்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் புகழ்பெற்ற மோனாலிசாவைவிடக் கொஞ்சம் பெரிய படம், முகம் இளமையாக இருக்கும், இரண்டு பக்கமும் தூண்கள் முழுதாகத் தெரியும்.

ஆதரவாளர்கள் சொல்வதில் கேட்கத் தகுந்த விஷயங்களும் இருக்கின்றன. லியனார்டோ நான்கு வருடம் உழைத்தும் இந்தப் படத்தை முடிக்காமல் விட்டார் என்று, பதினாறாம் நூற்றாண்டில் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி சொல்லியிருக்கிறார். லூவர் படமோ இழைத்து இழைத்து முடிக்கப்பட்டது. அதனால் வசாரி சொன்னது வேறொரு படமாக இருக்கலாம் என்கிறார்கள். லியனார்டோ காலத்து ஓவியரான ரஃபேல் இளமையில் வரைந்த ஒரு கோட்டோவியத்தில் இதே அமர்வில் ஒரு பெண்ணும் இருபுறமும் தூண்களும் இருக்கின்றன. லியனார்டோ ஒரே படத்தை இரண்டு முறை செய்யாதவரும் இல்லை. பாறைகளின் கன்னி ஓவியம் பாரிஸில் ஒன்று, லண்டனில் ஒன்று இருக்கிறதே.

சரி, ஆனால் இதெல்லாம் 'நடந்திருக்கலாம்' என்பதோடு நின்றுவிடுகிறது. தூண்கள் உள்ள பழைய நகல்கள் வேறு பலவும் இருக்கின்றன, ஆகவே தூணை வைத்து எதையும் நிறுவ முடியாது. அப்புறம் அந்தப் படம் கேன்வாஸில் வரையப்பட்டது. சுவரோவியங்களை விட்டுவிட்டால், லியனார்டோவுடையது என்று எல்லோரும் ஏற்கிற வண்ண ஓவியங்கள் மரப்பலகையில்தான் இருக்கின்றன. இளமையில் துணி மடிப்புப் பயிற்சிகளை லினன் துணியில் செய்தார், அது உண்மைதான். ஒரு முழு உருவப்படம் அதிலிருந்து வெகு தூரம். கார்பன் சோதனையில் கேன்வாஸின் காலம் 1410க்கும் 1455க்கும் இடையில் வந்ததைப் பெரிய ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அது துணியின் வயது. இருபதாம் நூற்றாண்டில் நெய்த துணியில்லை என்று வேண்டுமானால் அதை வைத்துச் சொல்லலாம், தூரிகை யார் கையில் இருந்தது என்று சொல்ல முடியாது. லியனார்டோ பிறந்ததே 1452இல்தான்.

லியனார்டோ ஆய்வில் ஊறிய மார்ட்டின் கெம்ப், கூந்தலிலும் ஆடையிலும் பின்னணி நிலத்திலும் மூலத்தின் நுட்பம் இதில் இல்லை என்று சொல்லிவிட்டார். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கே தெரிகிறது. லூவர் படத்தில் கன்னத்திலிருந்து நிழல் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு கிழிக்க முடியாது. சில மைக்ரோமீட்டர் கனமே உள்ள மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியிருக்கிறார் என்று 2010இல் எக்ஸ் கதிர் ஆய்வு காட்டியது. ஐசில்வர்த் முகம் அழகுதான். அந்த ஆழம் அதில் இல்லை.

இப்போது பிராடோவுக்கு வருகிறேன், எனக்கு நெருக்கமான படம் இதுதான். ஸ்பெயின் அரச சேகரிப்பில் நூற்றாண்டுகளாக இருந்தது. பின்னணி முழுக்கக் கறுப்பு. ஓக் பலகையில் யாரோ வட ஐரோப்பிய ஓவியர் பிற்காலத்தில் எடுத்த சாதாரண நகல் என்றே நினைத்திருந்தார்கள். லூவரில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பும் முன் பரிசோதித்தபோது பலகை வால்நட் மரம் என்று தெரிந்தது, இத்தாலியில் புழங்கிய மரம். கறுப்புப் பூச்சு பதினெட்டாம் நூற்றாண்டு வாக்கில் மேலே ஏற்றப்பட்டது. அதை நீக்கினால் உள்ளே அதே மலைகள், அதே வளைந்த பாதை. 2012 பிப்ரவரியில் இதை அறிவித்தார்கள்.

எனக்குச் சிலிர்ப்பைத் தந்தவை, வண்ணத்துக்கு அடியில் இருப்பதைக் காட்டும் அகச்சிவப்புப் படங்கள். லியனார்டோ வரையும்போதே மனம் மாறித் திருத்திய இடங்கள் லூவர் படத்தின் வண்ணத்துக்கு அடியில் மறைந்திருக்கின்றன. இடுப்புக் கோட்டை மாற்றியிருக்கிறார், விரல்களை நகர்த்தியிருக்கிறார். அதே திருத்தங்கள் பிராடோ படத்தின் அடியிலும் இருக்கின்றன! முடிந்த ஓவியத்தைப் பார்த்து நகலெடுப்பவருக்கு அடியில் என்ன இருந்தது என்று தெரிய வாய்ப்பே இல்லை. ஆக, குருவும் சீடரும் ஒரே பட்டறையில், ஒரே சமயத்தில், பக்கத்தில் பக்கத்தில் வரைந்திருக்கிறார்கள். குரு கோட்டை மாற்றினால் சீடரும் மாற்றியிருக்கிறார். அந்தச் சீடர் சலாய் என்கிறார்கள் சிலர், மெல்சி என்கிறார்கள் வேறு சிலர். யாராக இருந்தாலும் லியனார்டோ வேலை செய்த விதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி நமக்கு இல்லை.

இன்னொரு லாபமும் உண்டு. லூவர் படம் பழைய வார்னிஷில் மஞ்சளும் பழுப்பும் ஏறிக் கிடக்கிறது, புருவம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிராடோ படத்தில் புருவம் இருக்கிறது, சட்டைக்கை நல்ல சிவப்பு, தோளில் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய துணி, கையை ஊன்றிய நாற்காலியின் வடிவம்கூடத் தெளிவு. மோனாலிசாவாக வரையப்பட்ட லிசா கெரார்தினியின் உடை முதலில் எப்படி இருந்திருக்கும் என்று அறிய இங்கேதான் பார்க்க வேண்டும்.

இதில் லியனார்டோவின் கை பட்டிருக்கிறது என்று பிராடோ விளம்பரம் செய்யவில்லை, பட்டறைப் படம் என்றே எழுதி மாட்டியிருக்கிறது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. தனியார் கையில் இருக்கும் படத்துக்கு 'லியனார்டோ' என்ற பெயர் ஒட்டினால் விலை எங்கே போகும் என்பதை 2017இல் லியனார்டோவுடையது என்று ஏலத்தில் விற்ற சல்வாதோர் முண்டி ஓவியம் காட்டியது, 45 கோடி டாலர். அந்த ஏலத்துக்குப் பிறகும் அதில் எவ்வளவு லியனார்டோ என்ற சண்டை ஓயவில்லை. 1960களில் ரேமண்ட் ஹெக்கிங் என்ற சேகரிப்பாளர் தன்னிடம் இருக்கும் மோனாலிசாதான் அசல், லூவரில் இருப்பது போலி என்று வாதாடினார். அவர் படம் பதினேழாம் நூற்றாண்டு நகல் என்ற குறிப்போடே 2021இல் ஏலத்துக்கு வந்து 29 லட்சம் யூரோவுக்குப் போனது. நகல் என்று சொன்னதால் அதன் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஐசில்வர்த் படத்தின் உரிமையாளர்கள் அதை ஏதாவது ஒரு பொது அருங்காட்சியகத்தில் சில வருடங்களாவது வைக்கட்டும். அவர்களிடம் சம்பளம் வாங்காத ஆய்வாளர்கள் அகச்சிவப்பிலும் எக்ஸ் கதிரிலும் பார்த்து, எல்லாப் படங்களையும் வெளியிடட்டும். லூவர் படத்தோடு பிராடோ படம் ஒத்துப்போகிற மாதிரி அடியில் ஏதாவது ஒத்துப்போனால் அன்றைக்குப் பேசலாம். அதுவரை "முதல் மோனாலிசா" என்ற தலைப்போடு அதைப் பகிராதீர்கள், இது என் வேண்டுகோள்.