மாரிசன் தனி ஆளாக மொழிபெயர்க்கவில்லை என்று சொன்னது குற்றமா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை நண்பர்கள் ஏற்கெனவே அறிவீர்கள். சீனாவுக்குச் சென்ற முதல் புராட்டஸ்டன்ட் மிஷனரியான ராபர்ட் மாரிசன் தனி ஒருவராக முழு வேதாகமத்தையும் சீன மொழிக்குக் கொண்டுவந்தார் என்று மேடையில் முழங்கப்பட்டபோது, அது சரியல்ல என்று எழுந்து சொன்னேன். அதற்காக எனக்கு 'மிஷனரி வெறுப்பாளன்' என்ற பட்டம் கிடைத்திருக்கிறது. வழங்கியவர்களுக்கு நன்றி.

மாரிசன் தனியாகச் செய்யவில்லை. 1807இல் கப்பலேறும் முன்பே, லண்டனில் யோங் சாம் டாக் என்ற சீனரிடம் எழுத்துப் பயின்று, அவர் துணையுடன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்த ஒரு சீனக் கையெழுத்துப் பிரதியை நகலெடுத்தார். 1707இல் இறந்த ழான் பாசே என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குரு, யோவான் சூ என்ற சீனருடன் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு அது. புதிய ஏற்பாட்டின் பெரும்பகுதி அதில் இருந்தது. சீனத் துறைமுக நகரான கான்டனில் மாரிசனுக்கு மொழி கற்பித்த சீன ஆசிரியர்களின் நிலையை யாராவது நினைத்துப் பார்த்தீர்களா? அந்நியருக்குச் சீனம் கற்பிப்பது சட்டவிரோதமாக இருந்த காலம் அது; பிடிபட்டால் குடித்துவிட நஞ்சைக் கையோடு வைத்திருந்த ஆசிரியரும் இருந்தார் என்பார்கள். பழைய ஏற்பாட்டில் உபாகமம் முதல் யோபு வரை ஏறக்குறைய முழுவதும் சக மிஷனரி வில்லியம் மில்னின் உழைப்பு. 1823இல் மலாக்காவில் முழு நூலும் 21 தொகுதிகளாக அச்சேறியபோது அவர் உயிரோடு இல்லை. அச்சுக்கு மரப்பலகை செதுக்கிய சீனரான லியாங் ஃபா, 1819இல் தாம் எழுதிய ஒரு சிறுநூலுக்காகக் கைதாகி அடிபட்டார், பலகைகளும் அழிக்கப்பட்டன. இத்தனை பேரையும் 'தனி ஒருவர்' என்ற இரண்டு சொற்களுக்குள் புதைத்துவிட்டு, என்னை வெறுப்பாளன் என்கிறீர்கள்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டார் ஒரு நண்பர். என் அப்பா, ஊரில் பெரிய மனிதர் ஒருவரின் நூலுக்காக இரவெல்லாம் விழித்துப் படியெடுத்தார், பிழை திருத்தினார், சில பகுதிகளைத் தாமே எழுதியும் கொடுத்தார். நூல் வெளிவந்தபோது முன்னுரையில் அச்சக முதலாளிக்குக்கூட நன்றி இருந்தது, அப்பாவின் பெயர் இல்லை. அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் அலமாரியில் வைத்துவிட்டார். நான் அப்படி இருக்கப் போவதில்லை.

மாரிசனைச் சிறுமைப்படுத்துகிறேன் என்பவர்கள், 1815 முதல் 1823 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய சீன அகராதியைப் பற்றி நான் முன்பு எழுதியதைப் படித்திருக்க மாட்டார்கள். கத்தோலிக்கருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பவர்களுக்குப் பதில் சொல்லவே தோன்றவில்லை, ஏனென்றால் அந்தப் பழைய பிரதிக்குத் தாம் கடன்பட்டிருப்பதை மாரிசனே வெளிப்படையாக எழுதினார்.  அவருக்கு இருந்த நேர்மை அவருடைய ரசிகர்களுக்கு இல்லை. 'முதல் முழுச் சீன வேதாகமம்' என்று ஆர்ப்பரிப்பவர்கள், பாப்டிஸ்ட் மிஷனரியான மார்ஷ்மனும் ஆர்மீனியரான லசாரும் செய்த மொழிபெயர்ப்பு அதற்கு முந்தைய ஆண்டே வங்காளத்தின் செராம்பூரில் அச்சாகி முடிந்ததையாவது தெரிந்துகொள்ளலாம்.

மக்காவில் உள்ள மாரிசனின் கல்லறையின் படத்தைப் போட்டு, 'கல்லிலேயே இருக்கிறது, படி' என்கிறார்கள். படித்தேன். பல ஆண்டுகள் தனியாக உழைத்தார் என்று ஆங்கிலக் கல்வெட்டு சொல்வது உண்மைதான். இறந்தவரைப் புகழ அன்புள்ளவர்கள் பொறித்த வரியை வரலாற்றுச் சான்றாகத் தூக்கிக்கொண்டு வருவதா? சீனக் கல்வெட்டையும் படியுங்கள்: அது விரிவாகப் புகழ்வது வேதாகமத்தை அல்ல, அகராதியை. சீனர்கள் நன்றியோடு நாட்டியது என்று மேடையில் சொன்னார்களே, 'நம் இங்கிலாந்தின் மாரிசன்' என்று பேசும் கல்லை நாட்டியவர்கள் யார் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்கும்படி உள்பெட்டியில் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். நீக்க மாட்டேன். அடுத்த கூட்டத்துக்கு என்னை அழைக்க வேண்டாம் என்று முடிவெடுத்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். துண்டறிக்கையில் லியாங் ஃபாவின் பெயர் இருந்தால், அழைக்காமலேயே வருவேன்.