நோட்டீஸ் தமிழிலும் வேண்டும்
கேரளப் பொதுச் சுகாதாரச் சட்டம் 2023 பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை நன்று. ஒன்று விட்டுப்போயிற்று. முன்பு மலபாரைச் சேர்ந்த பாலக்காட்டுக்குச் சென்னை மாகாணத்தின் 1939 சட்டம். அதே பாலக்காடு மாவட்டத்தில், பழைய கொச்சி ராஜ்ஜியமான எங்கள் சித்தூர்ப் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியின் 1955 சட்டம். ஒரே மாவட்டத்துக்கு இரண்டு! இரண்டுக்கும் பதிலாகப் புதிய சட்டம் வந்து அது தீர்ந்ததே பெரிய நிம்மதி. அதன் மசோதாவில் ஆண்கள் உட்பட எல்லோரையும் பெண்பாலில் குறித்ததும் பிடித்தது.

சரி, இனி உள்ளூரில் பொதுச் சுகாதார அதிகாரம் மருத்துவ அலுவலர் கையில். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லி எங்கள் தெருவுக்கு வந்த நோட்டீஸ் முழுக்க மலையாளம். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். நான் வேலை முடிந்து வந்து படித்துக் காட்டும்வரை அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார். இங்குள்ள தமிழர்கள் அரசுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம் என்று கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டமே சொல்கிறது. நோய் பற்றிய நோட்டீசையும் தமிழில் அடித்து ஒட்டுங்கள்.