அமைப்பு தெரிந்தால் செயல் தெரிந்துவிடுமா?

மூளை நரம்பணுக்களின் சவ்வில் பதிந்துள்ள புரதங்களின் முப்பரிமாண அமைப்பைக் கண்டுவிட்டால் அவற்றின் செயல்பாடும் விளங்கிவிடும் என்ற தொனியில், நான் படித்த ஒரு கட்டுரை அமைந்திருக்கிறது. இதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். 1998இல் ராடரிக் மெக்கின்னன் குழுவினர் பாக்டீரியாவின் பொட்டாசியம் வாய்க்கால் (அயனிகள் சவ்வைக் கடந்துசெல்லத் துளை அமைக்கும் புரதம்) ஒன்றின் அமைப்பை வெளியிட்டபோது, சிறிய சோடியம் அயனியைத் தடுத்துவிட்டுப் பெரிய பொட்டாசியத்தை மட்டும் அது எப்படி அனுமதிக்கிறது என்ற பழைய புதிர் அந்தப் படத்தைக் கொண்டே அவிழ்ந்தது உண்மை.

ஆனால் கற்றலுக்கும் நினைவுக்கும் இன்றியமையாத என்எம்டிஏ ஏற்பியை எடுத்துக்கொள்ளுங்கள்; குளூட்டமேட் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருள் ஒட்டும்போது திறக்கக்கூடிய வாய்க்கால் இது. நரம்பணு ஓய்வில் இருக்கையில், அதாவது சவ்வின் உட்புறம் ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கையில், குளூட்டமேட் வந்து ஒட்டினாலும் ஒரு மக்னீசியம் அயனி அதன் துளையை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த எதிர்மின்னழுத்தம் தணிந்தால்தான் மக்னீசியம் விலகி, கால்சியம் உள்ளே பாயும். சலவைப்பொருளால் சவ்விலிருந்து பிரித்தெடுத்து, உறையவைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும் புரதத்துக்கு அந்த மின்னழுத்தமே கிடையாது. அதைச் சூழ்ந்திருந்த கொழுப்பு மூலக்கூறுகளும் பெரும்பாலும் கழன்றுவிடுகின்றன (நானோவட்டுகள் எனப்படும் நுண்ணிய கொழுப்புச் சவ்வுத் துண்டுகளில் பொதிந்து இதை ஓரளவு ஈடுசெய்கிறார்கள்).

ஆனால் செயலை நேரடியாக அளக்க வழி உண்டு. அறிவியலாளர்கள் நேயர், சாக்மன் இருவருக்கும் 1991இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த பேட்ச் கிளாம்ப் முறை, ஒரே ஒரு வாய்க்கால் திறந்து மூடும்போது பாயும் சில பிக்கோஆம்பியர் (ஆம்பியரில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) மின்னோட்டத்தைக் கண்ணாடி நுண்குழாயின் முனையிலேயே அளந்துவிடுகிறது. அதற்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை. எலி மூளையிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுத்த ஆம்பா ஏற்பிகளின் (குளூட்டமேட்டுக்கான இன்னொரு வகை ஏற்பிகள்) அமைப்புகள், துணைப் புரதங்களுடன் சேர்ந்தபடியே, 2019இல் வெளிவந்ததையும் குறிப்பிட்டிருக்கலாம்.