அந்த வல்லூறு கூட்டுப் படம் பற்றி

இணையத்தில் போட்ட அந்தப் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வேப்பமரக் கவையில் கூடு, அதில் பெண் வல்லூறு இரண்டு இறக்கையையும் விரித்து நிற்கிறது, அடியில் வெண்தூவி, அதாவது பஞ்சு போன்ற முதல் இறகு, மாறாத குஞ்சுகள். ‘தாய்மை’ என்று தலைப்பு. கீழே ஊர்ப்பட்ட இதயங்கள். நான் போட்ட ஒரு கருத்துக்கு மட்டும் ‘வயிற்றெரிச்சல்’ என்று பதில்.

அந்த மரம் எங்கள் பின்தெருவில் இருக்கிறது. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதே கூடு தெரியும். அதனால் படத்தில் இல்லாத ஒன்று எனக்குத் தெரியும். போன வாரம் வரை அந்தக் கூட்டுக்கு மேற்கே ஒரு கிளை இருந்தது. மதிய வெயிலை அதுதான் மறைத்தது. கூடு நன்றாகத் தெரிய வேண்டும் என்று படம் எடுக்க வந்தவர்கள் அதைத் தொரட்டி போட்டு ஒடித்துவிட்டார்கள். தூவி மட்டுமே இருக்கிற குஞ்சுக்கு உடம்புச் சூட்டைச் சமாளிக்கத் தெரியாது. ஏப்ரல் வெயில் நேராக விழுந்தால் செத்துப்போகும். அதனால்தான் தாய் இறக்கையைக் குடையாகப் பிடித்து நிற்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அலகு திறந்திருக்கும். வெயில் தாங்காமல் இரைக்கிறது. அதைப் பார்த்துத்தான் இத்தனை பேர் ‘அருமை, அருமை’ என்கிறீர்கள்.

கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும்போது கேமராவோடு போகாதீர்கள். நான் எழுதியது இவ்வளவுதான்.

600 எம்எம் லென்ஸ், தூரத்தில் இருந்துதான் எடுத்தோம் என்கிறார்கள். சரி. நீங்கள் கீழே நின்றபோது ஆண் வல்லூறு எங்கே இருந்தது, கவனித்தீர்களா? நான் கவனித்தேன். எதிர்வீட்டுத் தென்னையில், காலில் ஓணானை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூட்டுக்கு வரவில்லை. நீங்கள் கிளம்பிய பிறகுதான் வந்தது. அதுவரை குஞ்சுகள் பட்டினி. தாயும் பதறிப் பறந்துவிட்டால் காக்கைக்கு ஒரு நிமிடம் போதும்.

அப்புறம், ‘ஊருக்குள் கூடு கட்டுகிற பறவைக்கு மனிதர்கள் பழக்கம்தானே’ என்று ஒருவர். அந்த மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறவர் நாள் முழுக்க அங்கேதான் நிற்கிறார். வல்லூறு அவரைக் கண்டுகொள்வதே இல்லை. அவர் அண்ணாந்து பார்ப்பதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அசையாமல் நின்று தன்னையே முறைக்கிற ஆளை எந்தப் பறவையும் வேட்டைக்காரனாகத்தான் பார்க்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் காட்டுப் பறவையின் கூட்டைத் தொந்தரவு செய்வதை வேட்டையில்தான் சேர்த்திருக்கிறது. படித்துப் பாருங்கள்.

அந்தக் காலத்துப் பறவைப் புகைப்படக்காரர் லோக் வான் தோ கூட்டுப் படம் எடுக்கவில்லையா என்று கேட்காதீர்கள். அவர் மறைவிடம் கட்டி அதற்குள் உட்கார்ந்து எடுத்தார். அன்றைக்கு லொகேஷன் அனுப்பி ஊரைக் கூட்ட வழியும் இல்லை. இன்றைக்குப் பல காட்டுயிர்ப் புகைப்படப் போட்டிகளே கூட்டுப் படங்களை வாங்குவதில்லை.

இப்படிப் படம் போடுவது விழிப்புணர்வு என்கிறீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யாருக்கு விழிப்புணர்வு? எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) கேமராவையே பார்த்ததில்லை. வல்லூறு அவருடைய கோழிக்குஞ்சுகளை எத்தனையோ தடவை தூக்கிப் போயிருக்கிறது. கூச்சல் போட்டு விரட்டுவார், பஞ்சாரத்தில் கோழியைக் கவிழ்ப்பார், திட்டித் தீர்ப்பார். ஆனால் கிணற்றடி வேம்பில் அது கூடு வைத்தபோது கல்லெடுத்த எங்களைத்தான் அடிக்க வந்தார். “அதும் குஞ்சு வெச்சிருக்குது, கிட்டப் போகாதீங்க” என்பார். நட்டப்பட்டவர் அவர். அவருக்கு இருந்த பொறுமை, ஒரு பைசா இழக்காத நமக்கு இல்லை. லைக்குக்காகக் கிளையை ஒடிக்கிறோம்.

நானும் படம் எடுக்கிறவன்தான். மாடியில் இருந்தே எடுக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. எடுக்கவில்லை. கூடு இருப்பதை வெளியில் ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. இதற்குப் பெயர் வயிற்றெரிச்சலா?

அதை எழுதியவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். கோவை சிங்காநல்லூர் குளக்கரையில் எனக்குப் பாம்புத்தாரா என்கிற நீர்ப்பறவையைக் காட்டியவரே அவர்தான். கரையில் சத்தமாகப் பேசியதற்கு என்னைக் கோபித்துக்கொண்டவர். கிளையை அவர் ஒடித்திருக்க மாட்டார், நம்புகிறேன். ஆனால் ஒடித்தவர்களைக் கூட்டி வந்தது அவர் போட்ட லொகேஷன்தான். கேமராவோடு போகாதீர்கள் என்று சொன்னதற்கு இத்தனை பேர் முன்னால் அப்படி எழுதிவிட்டார். பறவை பார்ப்பது என்றால் என்ன என்று அவரிடம்தான் கற்றேன், அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

அண்ணா, முதலில் அந்த லொகேஷனை எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருவதாகச் சொன்னவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் குஞ்சுகள் கூட்டை விட்டுக் கிளைக்கு வந்து பறக்கப் பழகும். அப்போது எங்கள் மாடிக்கே வாருங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள். அதுவரை அந்தத் தெருப் பக்கம் கேமராவோடு யாரும் வர வேண்டாம்.