வேக வரம்பு 30: பரவும் செய்தி தவறு

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது: நகருக்குள் வேக வரம்பை மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 30ஆகக் குறைத்தால் நெரிசல்தான் கூடும், விபத்து குறையாது என்று. இரண்டுமே தவறு.

முதலில் விபத்து. 13 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை திடீரென்று சாலையில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்கவே சுமார் 1 விநாடி ஆகிவிடும். 30இல் வரும் கார் அதற்குள் 8 மீட்டர் நகர்ந்திருக்கும்; சாலை காய்ந்திருந்தால் மீதி 5 மீட்டரில் நின்றுவிடும். 50இல் வரும் கார் அதே 1 விநாடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடும். அதாவது, பிரேக் பிடிக்கும் முன்பே, வேகம் துளியும் குறையாமல் குழந்தை மேல் மோதிவிடும். இந்த ஒரு கணக்கைப் பார்த்தபிறகு அந்தச் செய்தியை யாரும் பகிரக்கூடாது என்றே நினைக்கிறேன்.

பின்லாந்துத் தலைநகர் ஹெல்சின்கியில் பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் வரம்பு 30தான். 2024 ஜூலையிலிருந்து ஓராண்டு முழுக்க அங்கே சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. வேக வரம்பு மட்டும் காரணமல்ல. தெரு வடிவமைப்பு, கேமரா, நல்ல பொதுப் போக்குவரத்து எல்லாம் சேர்ந்துதான் இது நடந்தது.

சரி, நெரிசல்? நகரப் பயணத்தில் நேரத்தைத் தின்பது சிக்னலும் சந்திப்புகளும்தான். சீறிக்கொண்டு முந்திப் போனவர் அடுத்த சிவப்பு விளக்கில் நம் பக்கத்திலேயே நிற்பார். தடையே இல்லாமல் 2 கிலோமீட்டர் ஓட்டினால்கூட, 30க்கும் 50க்கும் உள்ள வித்தியாசம் 1 நிமிடம் 36 விநாடி.