மூணு கன்டெய்னருக்கு எதுக்குப்பா குபர்நெட்டிஸ்?

நேத்து ஒரு தம்பி இன்பாக்ஸ்ல வந்து "அண்ணா, எங்க ப்ராஜெக்ட்டுக்கு குபர்நெட்டிஸ் போடலாமா, இல்ல டாக்கர் கம்போஸே போதுமா"ன்னு கேட்டாப்ல. ஆப்பையும் அது ஓட வேண்டியதையும் சேத்துக் கட்டுன பொட்டிதான் கன்டெய்னர்; அத ஒரே சர்வர்ல ஒரு ஃபைல் எழுதி ஓட்டுறது டாக்கர் கம்போஸ், பல சர்வர்ல பரப்பி மேய்க்கிறது குபர்நெட்டிஸ். என்னப்பா ஓடுதுன்னா ஒரு வெப் ஆப், ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், ஒரு ரெடிஸ் (டேட்டாவ மெமரியில வச்சு வேகமா குடுக்குறது), அவ்ளோதான். ஒரே சர்வர், அதுவும் பாதி நேரம் சும்மா கெடக்குதாம். அப்புறம் எதுக்குன்னா "எல்லாரும் அதுலதான் இருக்காங்கண்ணா, இன்டர்வியூல எல்லாம் அதான் கேக்குறாங்க"ங்கிறாப்ல. ரெண்டாவது காரணம் நேர்மையான காரணம், அத நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா கத்துக்கணும்னா சொந்த லேப்டாப்ல மினிகியூப்னு குட்டி குபர்நெட்டிஸ் போட்டு எவ்ளோ வேணா ஒடச்சு வெளையாடலாம், கஸ்டமர் நம்பி இருக்குற சர்வர்ல எதுக்கு?

குபர்நெட்டிஸ் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாருங்க. கூகுள் உள்ளுக்குள்ள போர்க்னு ஒண்ண வச்சு ஆயிரக்கணக்கான மெஷினை மேச்சுட்டு இருந்தாங்க, அந்த அனுபவத்துல 2014ல வெளிய விட்டதுதான் இது, 2015ல 1.0 வந்துச்சு. அந்த கிரேக்கப் பேருக்கு சுக்கான் பிடிக்கிறவர்னு அர்த்தம். நம்மகிட்ட இருக்குறது பரிசல்.

நானும் பட்டவன்தான். ஒரு பழைய வேலையில மூணு சர்வர் வச்சு கியூபேட்எம்ங்கிற டூல்ல குபர்நெட்டிஸ் கிளஸ்டர் (சேந்து வேலை செய்யுற சர்வர் கூட்டம்) கட்டுனோம், கட்டுன ஆளு வேற வேலைக்குப் போயிட்டாரு, அது பாட்டுக்கு ஓடுது, யாரும் தொடல. சரியா ஒரு வருஷம் கழிச்சு ஒரு நாள் டெப்ளாய் பண்ணப் போனா கியூப்சிடிஎல்ல (கிளஸ்டருக்கு உத்தரவு குடுக்குற டூல்) என்ன கேட்டாலும் சர்டிபிகேட் எக்ஸ்பயர்னுதான் சொல்லுது. ஓடிட்டு இருந்த பாட் (கன்டெய்னர வச்சு ஓட்டுற கூடு) எல்லாம் ஓடிட்டேதான் இருக்கு, ஆனா புதுசா எதுவும் ஏத்த முடியாது, எறக்க முடியாது. கியூபேட்எம் குடுக்குற சர்டிபிகேட்டுக்கு ஆயுசு ஒரு வருஷம்தான், நடுவுல ஒரு தடவ அப்கிரேட் பண்ணியிருந்தா அதுவே புதுப்பிச்சிருக்கும், நாங்கதான் பண்ணலையே. ரினியூ பண்றது ஒரு கமாண்ட்தான், அந்தக் கமாண்டைக் கண்டுபிடிக்க ராத்திரி ரெண்டு மணி ஆச்சு.

யானையக் கட்டித் தீனி போடுறதுன்னு சொல்றது இதத்தான். வருஷத்துக்கு மூணு வெர்ஷன் வருது, ஒவ்வொண்ணுக்கும் சுமார் 14 மாசம்தான் சப்போர்ட். 1.22ல பழைய இங்ரெஸ் (வெளி ட்ராஃபிக்க உள்ள விடுற வழி) பீட்டா ஏபிஐய எடுத்தாங்க, 1.25ல பாட் என்ன செய்யலாம்னு கட்டுப்படுத்துற பாட் செக்யூரிட்டி பாலிசிய எடுத்தாங்க, ஒவ்வொரு தடவையும் எது எப்படி ஓடணும்னு எழுதி வைக்கிற யாமல் ஃபைலத் தோண்டி மாத்த ஒரு ஆள் வேணும். கிளவுட்காரன்கிட்ட மேனேஜ்டா வாங்குனா கண்ட்ரோல் ப்ளேன் (கிளஸ்டரோட மூளை) தலவலி அவனுக்குப் போகும், யாமல் தலவலி நம்மகிட்டதான் இருக்கும்.

அதுக்குன்னு கம்போஸ் தங்கம்னு சொல்ல வரல, அதுலயும் பள்ளம் இருக்கு, விழுந்துருக்கேன். டாக்கரோட டிஃபால்ட் லாக்ல ரொட்டேஷன் (பழசை அழிச்சு எடம் விடுறது) கெடையாது, மேக்ஸ் சைஸ் போடலன்னா ஒரே ஃபைல் வீங்கி வீங்கி டிஸ்க் ரொம்பி டேட்டாபேஸும் சேந்து படுத்துரும். ஹெல்த்செக் (ஆப் நல்லா இருக்கான்னு பாக்குற சோதனை) எழுதிட்டா அன்ஹெல்தி ஆனதும் தானா ரீஸ்டார்ட் ஆயிரும்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, ஆகாது, ப்ராசஸ் செத்தாத்தான் ரீஸ்டார்ட் பாலிசி வேலை செய்யும். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால்ல போர்ட்ட மூடிட்டோம்னு நிம்மதியா இருப்பாங்க, கம்போஸ் ஃபைல்ல அந்த போர்ட்ட வெளிய விட்டிருந்தா டாக்கர் நேரா ஐபிடேபிள்ஸ்ல (லினக்ஸோட ஃபயர்வால் பட்டியல்) ரூல் எழுதி அத தாண்டிப் போயிரும், ரெடிஸ் ஊருக்கே தெறந்து கெடக்கும். புது இமேஜ் (ஆப்போட புது வெர்ஷன்) ஏத்தும்போது பழசை நிறுத்திட்டுதான் புதுசத் தூக்கும், அந்த சில நொடி யூசருக்கு 502 எர்ரர்தான். இத சகிச்சுக்க முடியுமான்னு உங்க பிசினஸ கேளுங்க, முக்காவாசி பேருக்கு முடியும்.

முடியாதவங்க என்ன பண்றாங்கன்னா பாஷ் ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பிக்கிறாங்க. மொதல்ல இருபது வரி, அப்புறம் ரோல்பேக்குக்கு (பழைய வெர்ஷனுக்குத் திரும்ப) கொஞ்சம், ரெண்டாவது சர்வர் வந்ததும் கொஞ்சம், கடைசியில நானூறு வரி, எழுதுன ஆளத் தவிர யாருக்கும் புரியாது, அதுக்கு குபர்நெட்டிஸே மேல்.

நடுவுலயும் ஆப்ஷன் இருக்கு, யாரும் பேசுறதில்ல. பல சர்வர மேய்க்கிற ஸ்வார்ம் மோட் 2016லேர்ந்து டாக்கருக்குள்ளயே இருக்கு, கம்போஸ் ஃபைல கொஞ்சம் மாத்துனா போதும், புதுசத் தூக்கிட்டு அப்புறம் பழச எறக்குன்னு சொன்னா கேக்கும். செத்துப்போச்சுன்னு ரொம்ப வருஷமா சொல்றாங்க, ஓடிட்டுதான் இருக்கு, ஆனா புதுசா பெருசா எதுவும் வராது, அதத் தெரிஞ்சே எடுங்க. கே3எஸ்ங்கிற இளச்ச குபர்நெட்டிஸ் 100 எம்பிக்குள்ள ஒரே பைனரி, ஒத்த சர்வர்னா எட்சிடி (கிளஸ்டர் நிலவரத்த வைக்கிற டேட்டாபேஸ்) கூட வேணாம், எஸ்க்யூலைட்ங்கிற ஒத்த ஃபைல் டேட்டாபேஸ்லயே ஓடும். நோமட்னு இதே வேலைக்கு இன்னொரு டூல், நல்லா இருக்கும், 2023ல ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ மாத்துனதுலேர்ந்து எனக்கு மனசு வரல.

என் கணக்குல ட்ராஃபிக் ரெண்டாம்பட்சம்தான். ஒரு சர்வர் செத்தா ஒரு மணி நேரம் தாங்குமா, ராத்திரி அலர்ட் அடிச்சா எந்திரிக்க எத்தன பேர் இருக்காங்க, இந்த ரெண்டும்தான் கேள்வி. பத்து டீம், அம்பது சர்வீஸ், லோடு ஏறி எறங்கிட்டே இருக்குன்னா கண்ண மூடிட்டு குபர்நெட்டிஸ் போங்க, கம்போஸ வச்சு அங்க வீம்பு புடிக்காதீங்க. எங்க போனாலும் டேட்டாபேஸ மட்டும் வெளிய தனியா வச்சுக்கங்க, இதுல சண்ட போட வர்றவங்க கமெண்ட்டுக்கு வாங்க.

தம்பிகிட்ட கம்போஸ்லயே இருப்பான்னு சொல்லிட்டு கடைசியா ஒண்ணு கேட்டேன், அந்த போஸ்ட்கிரஸ் பேக்கப்ப எப்பயாச்சும் ரீஸ்டோர் பண்ணிப் பாத்துருக்கியான்னு. நேத்து ராத்திரியே மெசேஜ் சீன் ஆயிருச்சு. இன்னும் பதில் வரல.